நாச்சியார் கேட்ட எலும்பு

1

இந்தக் கதை ஓர் ஊறுகாய் பாட்டிலிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

ராஜபாளையத்தில் என் தோழி நாச்சியார் வீட்டு அலமாரியில், காலமான அவள் வீட்டுக்காரர் இருளப்பசாமியின் படத்துக்கு முன்னால் அந்த பாட்டில் இருக்கிறது. உள்ளே ஸ்பிரிட். ஸ்பிரிட்டுக்குள் பாதியாக வெட்டிய ஓர் எலும்பு உருண்டை. வெட்டிய பக்கத்தில் தேனடையில் இருப்பதுபோலப் பொடிப்பொடிக் கண்கள். அறுவை சிகிச்சையில் தன் இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு அதுதான் என்று நாச்சியார் நம்பிக்கொண்டிருந்தாள்.

அது ஆட்டு எலும்பு.

பாருங்கள், ரகசியத்தை எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன். கைதேர்ந்த எழுத்தாளர் என்றால் இதைக் கடைசிப் பக்கம்வரை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தபாலாபீசில் வேலை பார்த்தவள் நான். ஊரார் கடிதங்களைப் பிரிக்காமல் கொடுத்தே ஆயுசில் பாதி போய்விட்டது, இனிமேலும் என்னால் ஒட்டிய உறையோடு மல்லுக்கட்ட முடியாது.

விஷயம் இதுதான். போன வாரம் நாச்சியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏட்டி ரோசி, இது என்னோடதுதானா?" என்று என்னிடம் கேட்டுவிட்டாள். ரோசம்மாளாகிய நான் பதில் சொல்லியாக வேண்டும்.

2

தொடங்கிப் பார்த்தவை:

"எலும்புத் திசு இருவகைப்படும். வெளியே கெட்டி எலும்பு, உள்ளே பஞ்சு எலும்பு. பஞ்சு எலும்பின் அடர்த்தியானது—"

(பாடப்புத்தகம். உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்கு முந்தி வந்துவிட்டது.)

"மலையில் மேகம் இறங்கிய ஒரு மாலைப்பொழுதில் நாச்சியார் என்னும்—"

(அவள் விழுந்தது காலையில், குளியலறையில், சோப்புத் தண்ணீரில். மலை பாட்டுக்கு மேற்கே கிடந்தது. அதை எதற்கு இழுக்க வேண்டும்?)

"ஏட்டி, விழுந்துட்டேன்."

(போனில் அவள் சொன்னது இதுதான். இதிலேயே தொடங்கியிருக்கலாம். ஆனால் இப்படித் தொடங்கினால் நாச்சியார் உங்களுக்கு விழுந்து கிடக்கும் ஒரு வயதான பெண்ணாகவே அறிமுகமாவாள். எனக்கு அவள் அப்படி அறிமுகமாகவில்லை. அதனால் மூன்றாம் பகுதிக்கு வாருங்கள்.)

போகிற போக்கில் ஒரு வார்த்தை. ராஜபாளையம் என்றதும் நாய் எப்போது வரும் என்று சிலர் எதிர்பார்ப்பீர்கள். கதையில் எலும்பு வேறு இருக்கிறது. அந்த ஆசை வேண்டாம்.

3

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிளஸ் டூ படிக்கும்போது விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நாச்சியாருக்கும் எனக்கும் ஒரே மேசை. ஃபார்மலின் வாடை மூக்கை அறுக்கும். மத்தியான வகுப்பில் சன்னல் வழியாகக் கோபுரத்தின் நிழல் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே ஓணானின் பற்களை வரைவோம். நான் வரைந்தது ஓணான் என்று நாச்சியார் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் தேவஇரக்கம் சார் எலும்பின் கலவையைக் காட்ட இரண்டு கோழிக்கால் எலும்பு கொண்டுவரச் சொன்னார். ஈஸ்டருக்கு மறுநாள் என்பதால் எங்கள் வீட்டில் எலும்புக்குப் பஞ்சமில்லை, காகிதத்தில் பொதிந்து கொண்டுபோனேன். ஒன்றை நீர்த்த அமிலத்தில் போட்டோம். மற்றொன்றை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினோம். அமிலத்தில் சில நாள் கிடந்தது ரப்பர்போல வளைந்தது, சுண்ணாம்புச் சத்து கரைந்து வெறும் நார்தான் மிச்சம். நெருப்பில் காட்டியது உருவம் மாறாமல் வெளுத்து அழகாக இருந்தது. நாச்சியார் விரல் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது, ஏனென்றால் நார் எரிந்துபோய்ச் சுண்ணாம்பு மட்டும் மிச்சம்.

"ரெண்டும் சேந்தாத்தாம்ட்டி நிக்கும்" என்றாள் நாச்சியார். சொல்லிவிட்டு அமிலத்தில் கிடந்த எலும்பை வளைத்து முடிச்சுப் போட்டு, சாருடைய நாற்காலியில் தொங்கவிட்டாள். சார் அதைப் பார்த்துவிட்டு, யார் வேலை என்று கேட்டார். வகுப்பே என்னைப் பார்த்தது. நாச்சியாரும் சேர்ந்து என்னைப் பார்த்தாள், சண்டாளி. அன்றைக்குச் சாயங்காலம் வரை ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குப்பிகளை நான்தான் கழுவினேன். அவள் பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காக வெளியே காத்திருந்தாள். அம்புட்டுச் சந்தோஷமாக இருந்திருக்கிறோம், அப்போது தெரியவில்லை.

(இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. எலும்பு ஒரே நிலையில் நிற்பதில்லை, தன்னைத் தானே இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டி எலும்பு நிதானமாக மாறும், பஞ்சு எலும்பு சுருக்காக மாறும். அதாவது, அன்று ஆய்வுக்கூடத்துக்கு வெளியே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாச்சியாரின் இடுப்புக்குள் இருந்த பஞ்சு எலும்பு, அவள் இருபதுகளைத் தாண்டியபோதே அவளிடம் இல்லை. அந்தச் சாயங்காலம் மட்டும் எங்கள் இரண்டு பேரிடமும் அப்படியே இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று எந்த மருத்துவராலும் படம் எடுத்துக் காட்ட முடியாது.)

அவள் என்னைவிட நல்ல மார்க் எடுத்தாள். நான் தபாலாபீசுக்குப் போனேன். அவள் ராஜபாளையத்தில் நூற்பாலைக்குப் போனாள். வைண்டிங் பிரிவில் நின்றபடியே வேலை. அத்துப்போன நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு ஓடவிட வேண்டும். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சிரைப்பு வந்தது. இரைப்புக்கு வருஷக்கணக்கில் மாத்திரை போட்டாள். இரைப்பு அடங்கியது. ஆனால் அந்த மாத்திரை, சத்தமில்லாமல் எலும்பை அரிக்கிற வகை.

4

விழுந்ததில் வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கும். அது இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்து சுழலும், அதனால்தான் நாம் நடக்கிறோம். அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்றார் ராஜபாளையத்து எலும்பு மருத்துவர் விக்னேஷ்வரன்.

நாச்சியார் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். "எடுக்குற எலும்ப என் கையில குடுப்பீயளா?"

"அதக் குடுக்கக் கூடாதும்மா. மஞ்சப் பையில போட்டு எரிக்கிறதுக்கு அனுப்பணும். சட்டம் அப்படி."

"எரிக்கத்தான போறீய? நானே எரிச்சுக்கிடுதேன், என்னோட சேத்து. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருப்பேன்."

மருத்துவர் சிரித்தார். நாச்சியார் சிரிக்கவில்லை. எலும்பைக் குடுத்தால் ஆபரேஷனுக்குக் கையெழுத்து, குடுக்காவிட்டால் படுக்கை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதைப் பிடிவாதம் என்று நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் புதைப்பவர்கள். பெட்டிக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பின்னால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் பக்கம் அப்படி இல்லை. எரித்த மறுநாள் பால் தெளிக்கப் போகும்போது சாம்பலைக் கிளறி, காலிலிருந்து தலைவரை ஒவ்வொரு எலும்பாகப் பொறுக்கிக் கலயத்தில் போடுவார்கள். ஆள் முழுசாகப் போனாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இருளப்பசாமிக்குச் சேத்தூர் விலக்கில் பைக் விபத்தாகி, மதுரையில் இடுப்பு மாற்றியிருந்தார்கள். அதற்கப்புறம் நன்றாக நடந்தார், ஓடினார், பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கினார். நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தார். மறுநாள் எலும்பு பொறுக்கியவர்கள், இடுப்பு இருந்த இடத்தில் கம்பியோடு ஓர் இரும்புப் பந்தை எடுத்தார்கள். சுட்டது. துண்டில் பிடித்துக் கலயத்துக்குள் போட்டார்கள். நாத்தனார்க்காரி வாசலில் நின்றுகொண்டு, "என் தம்பி முழுசாப் போகலையே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அஸ்தி கரைக்கப் பாபநாசத்துக்கு நாச்சியாரும் போயிருந்தாள். ஆற்றில் கலயத்தைச் சாய்த்ததும் சாம்பல் மிதந்து போனதாம், எலும்புத் துண்டுகள் அசைந்து அசைந்து இறங்கினவாம்.

"அந்த இரும்பு மட்டும் டொப்புன்னு விழுந்துச்சுட்டி" என்றாள் என்னிடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில். "அந்தச் சத்தம் போகமாட்டேங்கு. அவியளோட எலும்பு எந்த ஊர்க் குப்பையில எரிஞ்சுதோ தெரியல. மதுரையிலயே கேட்டு வாங்கிருக்கணும், எனக்கு அப்ப தோணல. நான் அப்படிப் போகமாட்டேன். யாரு கிளறினாலும் என் எலும்பு என்கூட இருக்கணும்."

அன்று மாலை அவள் மகள் சிவரஞ்சனி உள்ளே போய், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் ஒத்துக்கிட்டாங்கம்மா. குடுப்பாங்க" என்றாள். நாச்சியார் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். விக்னேஷ்வரனை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். "ஏ.சி. அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மருத்துவரின் உதட்டில்—" என்று ஆரம்பித்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை. நிஜத்தில் அவர் ஓ.பி.யில் அத்தனை கூட்டம் காத்திருக்க, எங்களை உட்காரவைத்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பொறுமையாக விளக்கினார். அப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது? கிழித்துப்போட்டேன்.

அவர் காட்டியதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். எலும்பு உருண்டையின் உள்ளே பஞ்சு எலும்பு. பஞ்சு என்றதும் மெத்தென்று நினைக்க வேண்டாம். மெல்லிய எலும்புத் தகடுகளும் குச்சிகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியது. பாதிக்குமேல் இடைவெளிதான். அந்த இடைவெளியும் சும்மா கிடப்பதில்லை, அதில் மஜ்ஜை இருக்கிறது, ரத்தம் ஊறுகிறது. ஈரம் போக எடை பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் உப்பு, மிச்சம் பெரும்பாலும் நார். அதிசயம் என்னவென்றால், அந்தக் குச்சிகள் கண்டபடி முளைப்பதில்லை. பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியாகவே வரிசை கட்டி நிற்கின்றன. எக்ஸ்ரேயில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும்.

நாச்சியாரின் படத்தில் அந்தக் கோடுகள் அநேகமாக இல்லை. அடர்த்திப் பரிசோதனையில் மைனஸ் மூன்றரை என்று வந்தது. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனாலே எலும்பு நைந்துவிட்டது என்று அர்த்தமாம்.

"குறுக்குக் குச்சிகள்தான் முதல்ல போகும். குறுக்க பிடிமானம் போச்சுன்னா நெடுக்க நிக்கிறதும் சாஞ்சிரும்" என்றார் அவர். "இன்னொரு இடுப்பும் இதே நிலைமைதான். ஆபரேஷனுக்கு அப்புறம் எலும்புக்கு மாத்திரை கண்டிப்பா எடுக்கணும். வாரம் ஒண்ணு. இல்லன்னா அந்தப் பக்கமும் முறியும். இரைப்பு இருக்கிற உடம்பு, இன்னொரு ஆபரேஷன் தாங்குமான்னு சொல்ல முடியாது."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஒருவர் உயிர் இதில்தான் இருக்கிறது.

(எழுதுகிறவளுக்கு இந்தக் குறுக்குக் குச்சி சமாச்சாரம் உறைத்தது. என் கதைகளில் சம்பவங்கள் நெடுக்காக நிற்கும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. ஒரு பத்திரிகை ஆசிரியர் அப்படித்தான் எழுதித் திருப்பி அனுப்பினார். இந்தக் கதையிலாவது—)

(வேண்டாம். என் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

6

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. எடுத்த எலும்பு மஞ்சள் பையில் போய்விட்டது. சிவரஞ்சனி கெஞ்சிப் பார்த்தாள், சட்டத்தை மீற ஆஸ்பத்திரியில் யாரும் தயாராக இல்லை.

நாச்சியார் மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கட்டி?"

"வீட்டுல வச்சிருக்கேம்மா."

பொய்யை வாயில் சொல்லிவிடலாம், பாட்டிலில் அடைக்க என்ன செய்வது? பேண்டேஜ் துணி கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிற பெண் சிவரஞ்சனி, லேசில் மலைக்கிறவள் இல்லை. நேராகப் பேச்சிமுத்துவின் கறிக்கடைக்குப் போனாள். தொடைக்கு மேலே இருக்கும் உருண்டையைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னாள். முழுசாகக் கொண்டுபோனால் அளவில் மாட்டிக்கொள்வோம், பாதியை டெஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்று கணக்கு.

"சூப்புக்கா தாயி?" என்று பேச்சிமுத்து கேட்டிருக்கிறார்.

"ஆமாண்ணே."

இந்த இடத்தில்தான் பிள்ளை கோட்டைவிட்டாள். சின்ன வயசிலிருந்து கறிக்கடையில் சொல்லிப் பழகிய வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது. "நல்ல இளங்கிடாவாப் பாத்துக் குடுங்கண்ணே."

நம் ஊரில் எந்தப் பெண் கறிக்கடையில் நின்றுகொண்டு, நல்ல கிழடாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்பாள்? அவரும் அக்கறையாக, அன்றைக்கு அறுத்ததிலேயே திடமான இளங்கிடாவின் எலும்பை வெட்டிக் கொடுத்தார். அவள் அதை வேகவைத்து, சதையைச் சுரண்டி, மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி, எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்த பாட்டிலில் போட்டு மூடினாள்.

என்னிடம் காட்டினாள். நான் வெட்டிய பக்கத்தைப் பார்த்தேன். குச்சிகள் நெருக்கமாக, இடைவெளி தெரியாமல் பின்னிக் கிடந்தன. குறுக்கே ஒரு கோடு ஓடியது. அது வளரும் எலும்பில் மட்டும் இருக்கும் குருத்தெலும்புக் கோடு. ஆள் வளர்ந்து முடித்ததும் மறைந்துவிடும்.

"சித்தி, அம்மா கேட்டா அவங்களோடதுன்னு சொல்லிருங்க. உங்க பேச்ச நம்புவாங்க. நீங்கதான் சேந்து படிச்சீங்க" என்றாள் சிவரஞ்சனி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று நாளாகத் தூங்காத பிள்ளை. நான் தலையை ஆட்டிவிட்டேன்.

7

நாச்சியார் வீடு திரும்பினாள். பாட்டிலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"பாதிய டெஸ்ட்டுக்கு எடுத்துக்கிட்டாங்க, மிச்சம் ஸ்பிரிட்டுல சுருங்கிரும்மா."

வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வைத்தாள். அன்று ராத்திரி, எவ்வளவோ நாளுக்கப்புறம் தூக்க மாத்திரை இல்லாமலே தூங்கினாள் என்று சிவரஞ்சனி சந்தோஷமாகப் போனில் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன். கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எலும்பு மாத்திரை வந்தது. வாரம் ஒரு நாள், விடிந்ததும் வெறும் வயிற்றில், காப்பிகூடக் குடிக்காமல், ஒரு சொம்புத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நாச்சியார் முதல் வாரமே மறுத்துவிட்டாள்.

"எனக்கு எதுக்குட்டி எலும்பு மாத்திரை? அந்தா இருக்கே, பாரு. கல்லு கணக்கா இருக்கு. இதப் போயி அரிச்சிருச்சுன்னு சொல்லுதான் அந்த டாக்டரு. வருஷக்கணக்கா ஒரு மாத்திரையத் தின்னது போதாதா, இன்னொண்ணு தின்னணுமாக்கும்."

வாக்கரை மூலையில் சாய்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். போன வாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் நின்றபோது, துணி காயப்போட ஸ்டூலில் ஏறி நிற்கிறாள்! சிவரஞ்சனி கீழே நின்று, "இறங்கும்மா, இறங்கும்மா" என்று அழுதுகொண்டிருந்தாள். இரண்டு பேருமாகப் பிடித்து இறக்கினோம்.

மகள் அடுப்படிக்குப் போனதும் நாச்சியார் பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஒண்ணு, டாக்டரு பொய் சொல்லிருக்கணும். என் எலும்பு நல்லாத்தான் இருந்துருக்கு, தேவையில்லாம அறுத்துட்டான். இல்லன்னா, இது என் எலும்பு இல்ல. ரெண்டுல ஒண்ணுதான இருக்க முடியும்? நீ எங்கூட படிச்சவ. நல்லாப் பாத்துச் சொல்லுட்டி. இது என்னோடதுதானா?"

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே நாச்சி" என்றேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவந்துவிட்டேன்.

8

ஒரு வாரமாக முடிவுகளை எழுதி எழுதிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

முடிவு அ. "உன்னோடதுதான்" என்று சொல்லிவிடுகிறேன். கெட்டியாக இருப்பானேன் என்றால், ஸ்பிரிட்டில் ஊறினால் எலும்பு இறுகும் என்கிறேன். புளுகுவது எனக்குத் தொழில், சரளமாக வரும். அவள் நம்பி மாத்திரை போடுகிறாள். மகள் பிழைத்தாள், எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் நாச்சியார் என்னைவிட மார்க் எடுத்தவள். எந்தத் திரவத்தில் எலும்பு என்ன ஆகும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவள். இந்தப் புளுகு அவளிடம் ஒரு நிமிஷம் நிற்காது.

முடிவு ஆ. "இல்ல, இது ஆட்டு எலும்பு" என்கிறேன். அவள் எழுந்து—

(எழுந்து என்ன செய்வாள்? இந்த வரியை எத்தனையோ தடவை எழுதி அடித்துவிட்டேன். மகளை அடிப்பாளா? பேசாமல் இருந்துவிடுவாளா? பேசாமல் இருந்தால் அது அடியைவிட மோசம். தன் எலும்பும் வீட்டுக்காரர் எலும்புபோல எந்தக் குப்பையிலோ எரிந்தது என்று தெரிந்தபின் அவள் எப்படித் தூங்குவாள்? அதை நான் என் வாயால் சொல்ல வேண்டுமா?)

முடிவு இ. நாய் வந்து பாட்டிலைத் தட்டிவிட்டு எலும்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. கேள்வியே இல்லாமல் போகிறது. (ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாச்சியார் வீட்டில் நாய் கிடையாது. அவளுக்கு இரைப்பு.)

முடிவு ஈ. நான் எதையும் சொல்லவில்லை. அவள் மாத்திரை போடவில்லை. ஒரு நாள் மறுபடியும் போன் வருகிறது. இந்த முடிவை எழுதவே எனக்குக் கை வரவில்லை. என் நாச்சி இல்லாத ஊருக்கு நான் எதற்கு பஸ் ஏற வேண்டும்?

சிவரஞ்சனிக்குத் தலையாட்டியிருக்கிறேன். வாயால் சொல்லமாட்டேன்.

9

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவள் நாச்சியார்தான். ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து என் முதல் கதையைப் படித்தாள். "இதுல அழுகிறவ ஏன் இம்புட்டு அழகா அழுகா? மூக்கு ஒழுகாதா?" என்றாள். அன்றைக்கிருந்து இன்றுவரை அவள் படிக்காத ஒரு வரியும் என் கையைவிட்டு வெளியே போனதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. விடியக் கருக்கலில் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை, ஆண்டவர் மன்னிப்பார். நாச்சியார் அப்போதுதான் பல் தேய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எட்டுப் பகுதிகளையும் அவள் கையில் கொடுத்தேன்.

"புதுக் கதையா? யாரப் பத்திட்டி?"

"படி."

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு இந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்து ஒன்பதாவது பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிவரஞ்சனி அடுப்படியில் பால் காய்ச்சுகிறாள். உள்ளே அம்மா எதைப் படிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

முதல் பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறது. ரகசியம் வைக்கப் பொறுமையில்லை என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பாதிதான் நிஜம். அவளைக் கடைசிப் பக்கம்வரை காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

முதல் தாளை அவள் சீக்கிரம் புரட்டவில்லை. அடுப்பில் பால் பொங்கி அடங்கியது. அவள் இன்னும் புரட்டவில்லை.

புரட்டிவிட்டாள்.

கொஞ்சம் கழித்து உள்ளே ஒரு சிரிப்பு. ஓணானாக இருக்கும். பிறகு தாள் புரளும் ஓசை மட்டும். மூக்கை உறிஞ்சுகிறாள், பாபநாசம் வந்துவிட்டது போலிருக்கிறது. கறிக்கடைக்கு வந்ததும் ஒரு தாளைத் திரும்பப் பின்னால் புரட்டுகிறாள். அங்கே ரொம்ப நேரம் நிற்கிறாள். மூன்று நாளாகத் தூங்காத பிள்ளை என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடமா? அல்லது இளங்கிடா என்று கேட்ட இடமா? எனக்குத் தெரியவில்லை.

கட்டில் கிரீச்சிடுகிறது. தாள்களை அடுக்கித் தட்டி வைக்கிறாள்.

"ரஞ்சனி."

"என்னம்மா? காப்பி கலக்கட்டுமா?"

"காப்பி பொறவு. அந்த எலும்பு மாத்திரைய எடுத்துட்டு வா. தண்ணி நெறைய கொண்டா."

சிவரஞ்சனி அடுப்படி வாசலுக்கு வந்து என்னைப் பார்க்கிறாள். நான் எழுதுவதுபோலக் குனிந்துகொள்கிறேன், எழுதத்தான் செய்கிறேன். அவள் மாத்திரையையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

"இப்படி பக்கத்துல உக்காரு தாயி" என்று நாச்சியாரின் குரல் கேட்கிறது. பிறகு கதவு சாத்திக்கொள்கிறது.

மாத்திரை போட்டால் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. அந்த அரைமணி நேரமும் அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. எழுந்துபோய்க் கதவில் காது வைத்தால் எனக்கு அது கிடைத்துவிடும். போகமாட்டேன். நீங்கள் வேண்டுமானால் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நான் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.